ஷூவைத் திருப்பி அனுப்பியிருக்கேன்

என் செல்லக் கண்ணுக்கு அம்மா எழுதிக்கிறது. இங்க நானும் உங்கப்பாவும் சொகமா இருக்கோம், உன் சொகத்தைக் கேக்கலாம்னா நீதான் போனை எடுக்க மாட்டேங்கிறியே, அதனால நீயும் சொகமாத்தான் இருக்கேன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன், இல்லைன்னா நேர்ல வந்து ரெண்டு போடு போடுவேன். எடுத்தாலும் சரிம்மா சரிம்மான்னு ரெண்டு தடவை சொல்லிட்டு வெச்சிடுற. கடுதாசின்னா நடுவுல வெக்க முடியாது பாரு, அதான் எழுத்துக் கூட்டி உக்காந்திருக்கேன், நாலு வரி எழுதுறதுக்குள்ள டீ ஆறிப் போச்சு, போகட்டும். உங்கப்பா லாரிக்கு ஹாரன் ஒட்டிக்கிச்சு, விடியக்காலையில ஜல்லி ஏத்தப் போறேன்னு வண்டியை எடுத்தாரா, பேன்னு கத்த ஆரம்பிச்சது நிக்கவே இல்ல, தெரு முழுக்கத் தலையை நீட்டிப் பாக்குது, இவரு ஒவ்வொரு வாசல்லயும் மன்னிச்சுக்கங்க மன்னிச்சுக்கங்கன்னு சொல்லிக்கிட்டே போறாரு, ஹாரன் சத்தத்துல யாருக்குக் கேக்கும் சொல்லு. பூனை உன் பழைய பள்ளிக்கூடப் பையில குட்டி போட்டிருக்கு. பையைத் தொடப் போனா சீறுது, படிப்பு மேல அதுக்காவது அக்கறை இருக்கேன்னு விட்டுட்டேன்.

எங்கயோ ஆரம்பிச்சு எங்கயோ போறேன். விஷயத்துக்கு வரேன். நீ அனுப்புன பார்சல் வந்துச்சு. நான் ஆசையா பிரிச்சா உள்ள உன் ஷூ. யாருக்காவது குடுத்துடும்மா இனிமே எனக்கு வேணாம்னு ஒரு துண்டுக் காகிதம். உங்கப்பா அதைப் பார்த்துட்டு வெளிய போய் லாரி டயரை உதைச்சுக்கிட்டு நின்னாரு, காத்து பாக்குற மாதிரி. கூடைப்பந்துப் போட்டியில தோத்த அன்னைக்கே போன்ல சொன்ன, இனிமே பந்தைத் தொட மாட்டேன், அடுத்த வருஷத்துக்குப் பேரு குடுக்க மாட்டேன்னு. ஏதோ அழுகையில சொல்லுதுன்னு நெனச்சேன். ஷூவையே அனுப்பிட்டேன்னா அது அழுகை இல்ல, வீம்பு. இந்த மாசம் முடியறதுக்குள்ள கேப்டன் நீ பேரு குடுத்து ஆள் சேத்தாத்தான் டீமு, இல்லைன்னா டீமையே எடுத்துடுவாங்கன்னு உங்க கோச்சு சொன்னதா நீயேதான் முன்னாடி சொன்ன. அப்போ உன் ஷூவை மட்டுமா பெட்டியில போட்டு மூடியிருக்க? மத்த அஞ்சு பொண்ணுங்க ஷூவையும் சேத்துல்ல மூடியிருக்க.

நீ ஆடுனதை நாங்க பாக்கலைன்னு நெனச்சுக்காத. அன்னைக்கு எங்க கட்டடத்துக்குக் கம்பி லாரி வரலை, வேலை பாதியில நின்னு உக்காந்திருந்தோம், கம்பி கட்டுறவரு போன்தான் பெருசுன்னு அதுல உங்க ஆட்டத்தைப் போட்டு, சிமெண்டு மூட்டை மேல சாய்ச்சு வெச்சு மொத்த ஆளும் சுத்தி உக்காந்துட்டோம். எங்க கூட்டத்துல ஓயாம பேசுற அக்கா ஒருத்தி இருக்காளே, ரேடியோன்னு சொல்லுவோமே, அவ முன்வரிசை. கம்பிக்காரரு நான் சின்ன வயசுல ஆடியிருக்கேன் எல்லா ரூலும் தெரியும்னாரு. அவரை நம்பித்தான் கெட்டோம். முதல் பாதியில நீ இந்தப் பக்கத்துக் கூடையில போட்ட, நாங்க கை தட்டுனோம், சரி. இடைவேளை முடிஞ்சு வந்ததும் நீ நேரா அந்தப் பக்கம் ஓடி அந்தக் கூடையில போட்ட. ஐயையோ எதிராளி கூடையை விட்டுட்டு சொந்தக் கூடையிலயே போட்டுட்டாளேன்னு தலையில அடிச்சுக்கிறேன். கம்பிக்காரரும் ஆமாமா தப்பு தப்புங்கிறாரு. ரேடியோ சொல்றா, பாவம் புள்ள, காலையில ஒண்ணும் சாப்பிட்டிருக்காது, பசியில திசை தெரியலைன்னு. நான் போனைப் பார்த்து இந்தப் பக்கம்டி இந்தப் பக்கம்டின்னு கத்துறேன். மேஸ்திரி வந்து எட்டிப் பார்த்துட்டு, ஏம்மா இடைவேளைக்கு அப்புறம் கூடை மாத்திக்குவாங்க, இது கூடத் தெரியாதாங்கிறாரு. தண்ணி குடிக்கப் போறேன்னு போன கம்பிக்காரரு திரும்பி வரவே இல்ல. போனை எங்ககிட்டயே விட்டுட்டுப் போனாரு, அது நல்ல மனசு.

ஆறு பேருதான் போயிருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். கை உடைஞ்சவ ஒருத்தி, பரிட்சைன்னு நின்னவங்க ஒருத்தி ரெண்டு பேரு, வேற காலேஜுக்கு மாறிப் போனவ ஒருத்தின்னு நீ வாரா வாரம் சொல்லுவியே, களத்துல நெல்லு குறையற மாதிரி ஆளு குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. அந்த உயரப் பொண்ணு கால் மடங்கி விழுந்தப்ப ரேடியோவே ஒரு நிமிஷம் பேசலை. அப்புறம் அந்த சுருட்டைமுடிப் பொண்ணு, நம்ம வீட்டுக்கு லீவுல வந்து என் பூனையைக் குளிப்பாட்டுறேன்னு கீறல் வாங்கிட்டுப் போச்சே, அதை அஞ்சு ஃபவுல்னு வெளிய அனுப்பிட்டாங்க. அஞ்சு பேருக்கு எதிரா நீங்க நாலே பேரு. விட்டுட்டுப் போயிடுவீங்கன்னுதான் நான் நெனச்சேன், பொய் சொல்லக் கூடாது. ஆனா நாலு பேரும் ஓடுனீங்க பாரு. கால் மடங்குனவ நாற்காலியைப் புடிச்சுக்கிட்டு ஒத்தக் கால்ல நிக்கிறா, சுருட்டை துண்டை ஆட்டிக்கிட்டு கோட்டுக்கு வெளியில கத்துறா. எதிராளிங்களுக்கு மூச்சு வாங்குது. சாந்துக் கையோட என் தோளைப் புடிச்சிருந்தா ரேடியோ, அந்தக் கறை இன்னும் என் சட்டையில போகலை. ஒரு கூடை போட்டா ஜெயிப்புங்கிற இடத்துக்குக் கொண்டு வந்துட்டீங்க. அப்பத்தான் நீ பந்தை வாங்கித் திரும்பிக் கூடப் பாக்காம அந்த மூலைக்கு வீசுன. மூலையில யாரும் இல்ல. பந்து கோட்டைத் தாண்டி உருண்டு போச்சு, ஆட்டம் முடிஞ்சு போச்சு.

அது சுருட்டை நிக்கிற மூலை, அவ எப்பவும் அங்கதான் நிப்பா, கை பழக்கத்துல போட்டுட்டேம்மான்னு நீ போன்ல அழுதது இன்னும் என் காதுல இருக்கு. கேப்டனுக்கு எத்தனை பேரு களத்துல இருக்காங்கன்னு கூடத் தெரியலைன்னு எல்லாரும் சிரிச்சாங்கன்னு சொன்ன. அதுக்குப் பதில் வெச்சிருக்கேன். இப்ப சொல்றேன் கேளு.

போன வாரம் எங்களுக்கு மேல்தளம் போடுற நாள். உனக்குத்தான் தெரியுமே, கலவை மிஷின் சுத்த ஆரம்பிச்சா சட்டி கைக்குக் கை மேல போயிக்கிட்டே இருக்கணும், நடுவுல நின்னா கலவை இறுகிப் போயிடும். அன்னைக்குப் பார்த்து மூணு பேரு வரலை, காய்ச்சல். எனக்கு அடுத்த படியில நிக்கிற பெரியக்காவும் வரலை. மேஸ்திரி தாடையைச் சொறிஞ்சுக்கிட்டு நாளைக்குத் தள்ளிப் போடலாமான்னு கேட்டாரு.  ரேடியோதான் சொன்னா, நாலு பொட்டப் புள்ளைங்க அஞ்சு பேரை நாக்குத் தள்ள வெச்சுதுங்க, நம்மால சட்டி தூக்க முடியாதாக்கும்னு. அவ்வளவுதான், மேஸ்திரி மிஷினைப் போடச் சொல்லிட்டாரு. ஆளுக்கு ஒரு எட்டு தள்ளித் தள்ளி நின்னோம். நல்லாத்தான் போச்சு. திடீர்னு நான் சட்டியை வாங்குனேன், இடுப்பைத் திருப்புனேன், பெரியக்கா கைக்கு விட்டேன். பெரியக்கா எங்க இருக்கா? வீட்டுல கம்பளியைப் போத்திக்கிட்டுப் படுத்திருக்கா. முழுச் சட்டியும் கீழ நின்ன மேஸ்திரி கால்ல. முழங்கால் வரைக்கும் சிலை மாதிரி நிக்கிறாரு மனுஷன். என்னம்மா என்னையும் சேத்துத் தளம் போட்டுடுவியான்னாரு. ரேடியோ சிரிச்ச சிரிப்பு தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். எனக்கு சிரிப்பு வரலைடி. நான் அங்கயே நின்னுட்டேன். உன் கையும் இதைத்தானே பண்ணுச்சுன்னு நெனச்சேன். என் கைக்குத் தெரியாதா பெரியக்கா வரலைன்னு? கண்ணுக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. தினம் தினம் விட்ட இடத்துல விடுது. கை நம்புன ஆளு அங்க இல்லைன்னா அதுல கை பண்ணுன குத்தம் என்ன? அப்புறம் கையைத் தொடச்சுட்டு அடுத்த சட்டியை வாங்குனேன், பின்னால சட்டிங்க நிக்குதே, வாங்காம என்ன பண்றது.

முழுத் தளமும் அன்னைக்கே முடிச்சோம்னு எழுதணும்னு ஆசைதான், ஆனா மழை வந்துடுச்சு. பாதியில நிறுத்திட்டோம். மேஸ்திரி பலகையைக் குறுக்க நிக்க வெச்சு அது வரைக்கும் போட்டுட்டு, கம்பியெல்லாம் பலகைக்கு அந்தப் பக்கம் வெறுமனே நீட்டிக்கிட்டு இருக்க, மேல தார்ப்பாயைப் போட்டு மூடச் சொன்னாரு. மழையில நனைஞ்சுக்கிட்டே திரும்பிப் பார்த்தேன், பாக்கவே அசிங்கமா இருந்துச்சு, பாதி வேலை. வீட்டுச் சொந்தக்காரரு முகம் தொங்கிப் போச்சு. ஆனா அந்தக் கம்பி நீட்டிக்கிட்டு இருந்தாத்தானே மறுநாள் போடுறது இதோட சேந்து நிக்கும். மறுநாளும் காய்ச்சல்காரங்க வரலை. ஆனா உங்கப்பா லாரியை ஓரமா நிறுத்திட்டு வந்து பெரியக்கா எடத்துல நின்னாரு, வீட்டுச் சொந்தக்காரரு சம்சாரம் கையில துணியைச் சுத்திக்கிட்டு வந்து நின்னாங்க, கம்பிக்காரரும் வந்தாரு, ரூல் மட்டும் எதுவும் சொல்லலை. சாயங்காலத்துக்கு முன்னாடி முடிஞ்சுது. ஒழுகுமா ஒழுகாதான்னு அடுத்த மழைதான் சொல்லணும், நான் இப்பவே பீத்திக்கலை. உங்கப்பாவுக்கு ரெண்டு நாளா இடுப்பு வலி, நீ கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவாரு, நம்பாத.

இன்னொண்ணு. சுருட்டை எனக்குப் போன் பண்ணுச்சு. அக்காகிட்ட சொல்லிடாதீங்கம்மான்னு சத்தியம் வாங்கிக்கிச்சு, அக்கான்னு உன்னைத்தான் சொல்லுது. நான் சொல்லலை, எழுதத்தான் எழுதுறேன், சத்தியம் சத்தியமாவே இருக்கு. அக்கா பேரு குடுத்தா நாங்க அஞ்சு பேரும் குடுப்போம், புதுசா ரெண்டு பொண்ணுங்களும் கேட்டுக்கிட்டு இருக்காங்க, அக்கா குடுக்கலைன்னா யாரும் குடுக்க மாட்டோம், ஆனா கேக்க பயமா இருக்கு, ரூம்ல கதவையே தொறக்க மாட்டேங்கிறாங்கன்னுச்சு. அந்தக் கடைசிப் பந்தைப் பத்தி நானே கேட்டேன், உனக்கு அவ மேல கோவமாடின்னு.  அதுக்கு அது சொல்லுச்சு, கோவமா, நான் வெளிய உக்காந்திருக்கும்போதும் ஜெயிக்கிற பந்தை எனக்குத்தானே போட்டாங்க, வேற யாரும்மா எனக்கு அப்படிப் போடுவாங்கன்னு. நீ அதை நெனச்சு வெக்கப்பட்டு ஷூவை மூட்டை கட்டியிருக்க, அந்தப் பொண்ணு அதை நெனச்சு நெஞ்சை நிமித்திக்கிட்டு இருக்கு. ரெண்டு பேரும் ஒரே ஹாஸ்டல்லதான் இருக்கீங்க, நடுவுல ஒரு கதவு, அதைத் தொறக்க நான் இங்கேருந்து கடுதாசி எழுத வேண்டியிருக்கு பாரு, என் தலையெழுத்து.

இந்தக் கடுதாசி வந்த பெட்டியில என்ன இருக்குன்னு இந்நேரம் பார்த்திருப்ப. ஆமா, அதேதான். யாருக்காவது குடுன்னு சொன்ன, யாருக்குக் குடுக்கறதுன்னு யோசிச்சுப் பார்த்தேன், அந்தக் கால் அளவுக்கு எனக்குத் தெரிஞ்சது உன்னைத்தான். நானே ஒரு தடவை போட்டுப் பார்த்தேன், சமையல்கட்டுல நின்னு கையை மேல தூக்கி ஒரு குதி குதிச்சேன், திரும்பிப் பார்த்தா வாசல்ல உங்கப்பா. சிரிக்கக் கூடாதுன்னு அவரு பட்ட பாடு இருக்கே. அப்புறம் அவரே எடுத்துட்டுப் போய் செருப்பு தைக்கிறவர்கிட்ட குடுத்து, வாய் பிளந்திருந்த அடியை ரெட்டைத் தையலா தைச்சு வாங்கிட்டு வந்தாரு. தையல் கொஞ்சம் உறுத்தும், ரெண்டு நாள் தடிமனா சாக்ஸ் போட்டுக்க. உயரப் பொண்ணு காலுக்கு வெந்நீர் ஒத்தடம் குடுக்கச் சொல்லு, நடந்து காட்டுறேன்னு ஆடாம இருக்கச் சொல்லு. நேரத்துக்குச் சாப்பிடு, ரேடியோ சொன்னது உண்மைதானோன்னு எனக்கு இன்னும் சந்தேகம்.

நீ நல்லா இருப்ப கண்ணு, உன்னோட நிக்கிறவங்களும் நல்லா இருப்பாங்க, உன் கையும் காலும் உன் பேச்சைக் கேக்கும், கேக்காத அன்னைக்கும் பரவாயில்ல, அடுத்த சட்டி வரும். மாசக் கடைசி வரைக்கும்தான் டைமு, மறந்துடாத. அடுத்த வருஷம் அந்த மூலையில அவ நிப்பா. பந்தைப் போட ஆள் வேணும்.

ஷூவைத் தைச்சு, தொடச்சு, உள்ள காகிதம் அடைச்சு வெச்சிருக்கேன். கயிறு மட்டும் கட்டலை, அது உன் வேலை.

இப்படிக்கு,
இந்தப் பக்கம்டின்னு தப்பான பக்கத்தைக் காட்டிக் கத்துன
உன் அம்மா