காப்பகம் என்று எழுதிய கதவு

6 மார்ச் 2006
இன்று எனக்குப் புது வேலை. சம்பளம் பழையதுதான்.

மே கடைசியில், நம்மிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையரின் ஆட்கள் நம் பனியன் கம்பெனியைச் சோதிக்க வருகிறார்களாம். முதலாளி பொங்கியண்ணன் கூப்பிட்டார். “ஏனுங்க அம்மிணி, போர்டக் காட்டிப் படிக்கச் சொன்னா நம்ம பொம்பளைங்க பேந்தப் பேந்த முழிப்பாங்க. மத்தியானத்துல ரெண்டு எழுத்துச் சொல்லிக் குடுத்துருங்க.” பையர் கேட்கிற போர்டையெல்லாம் மாட்டுவதோடு, ஆபீஸில் இருக்கும் இந்த ஆஷாவின் கடமை முடிந்தது என்றல்லவா நினைத்திருந்தேன்!

9 மார்ச்
அ, அம்மா. ஆ, ஆடு. சாப்பிட்ட மயக்கத்தில் வகுப்புக்கு வந்த பத்துப் பேரும் தூங்கிவிட்டார்கள். எனக்கே கொட்டாவி.

14 மார்ச்
அரிச்சுவடியை மேசைக்குள் போட்டுப் பூட்டினேன். கட்டிங்கில் மிஞ்சும் கறுப்புத் துணிதான் சிலேட்டு. துணியில் குறி போடும் சாக்பீஸ்தான் பலப்பம். “உங்களுக்கு எந்த வார்த்தை வேணும், சொல்லுங்க” என்றேன்.

காளியாத்தாள் அக்காவுக்குத் தன் ஊர்ப் பெயர், ‘குன்னத்தூர்’. தினமும் யாரையாவது கேட்டுத்தான் பஸ் ஏறுகிறாராம். செக்கிங்கில் இருக்கும் மூக்கம்மாள் அக்காவுக்கு மகள் பெயர், ‘நாகஜோதி’. நாலாவது படிக்க வேண்டிய பெண், தம்பி முனீஸைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியை விட்டு நின்றுவிட்டாள். “என்ன செய்ய மேடம்? ரெண்டு வயசுப் பயல யாருட்ட விட்டுட்டு வர?”

இன்று ஒருவரும் தூங்கவில்லை.

11 ஏப்ரல்
மூக்கம்மாள் அக்கா மகள் பெயரைப் பார்க்காமல் எழுதிவிட்டார்! அந்தத் துணியை மடித்து வீட்டுக்கும் கொண்டுபோனார்.

29 மே
சோதனை நாள். நூல் பெட்டி அடுக்கும் அறையைக் காலி செய்து ஒரு தொட்டில், ஒரு பிளாஸ்டிக் குதிரை. கதவில் ‘குழந்தைகள் காப்பகம்’ — போன வருஷம் நான்தான் எழுதவைத்தேன். வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அக்காமார் ‘அவசர வழி’யைக் கணீரென்று படித்தார்கள். பாஸ்!

சாயங்காலமே பெட்டிகள் உள்ளே. குதிரை முதலாளி காரில்.

30 மே
“வகுப்பு போதுமுங்க, நிறுத்திக்கலாம்” என்றார் முதலாளி. சரி சார் என்றேன். மத்தியானம் பார்த்தால் பத்துப் பேரும் கறுப்புத் துணியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் என்ன செய்ய?

2 ஜூன்
கம்பெனிச் சுவரிலிருந்து ஆளுக்கு ஒரு வார்த்தை கொண்டுவரச் சொன்னேன். மூக்கம்மாள் அக்கா நேராக அந்தக் கதவின் முன்னால் போய் நின்றார். எழுத்துக்கூட்டி முழுசாகப் படித்தார்.

“காப்பகம்னா என்ன மேடம்?”

“நீங்க வேலை பார்க்கிறப்ப உங்க பிள்ளைகளைப் பார்த்துக்கிற இடம்.”

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அக்கா கதவைத் தள்ளி, உள்ளே அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தார். அய்யோ, என் வேலை போச்சா?

5 ஜூன்
காலையில் கதவு முன்னால் மூக்கம்மாள் அக்கா, இடுப்பில் முனீஸ். பின்னால் இன்னும் மூன்று பேர், பிள்ளைகளோடு.

“போர்டுல போட்டிருக்குல்ல சார்?”

முதலாளி என் பக்கம் திரும்பினார். “யாருங்க இவங்களுக்குப் படிக்கச் சொல்லிக் குடுத்தது?”

“நீங்கதான் சார் சொன்னீங்க.”

போர்டை அழிக்கவும் முடியாது. போட்டோதான் கடல் தாண்டிப் போய்விட்டதே! முதலாளி ஆட்களைக் கூப்பிட்டு, “பெட்டியெல்லாம் வெளிய எடுத்து வைங்கப்பா” என்றார்.

12 ஜூன்
நாகஜோதி இன்று பள்ளிக்குப் போனாள். காப்பகத்துக்கு ஓர் ஆயா வந்தாயிற்று. குதிரையும் காரிலிருந்து திரும்பிவிட்டது. முனீஸ் அதைவிட்டு இறங்குவேனா என்கிறான்.

“இனிமே செவுத்துல என்ன எழுதறதுன்னாலும் என்னக் கேட்டுட்டு எழுதுங்க அம்மிணி” என்று முதலாளி உத்தரவு.

காளியாத்தாள் அக்கா இன்று கொண்டுவந்த வார்த்தை ‘முதலுதவிப் பெட்டி’. நாளைக்குத் திறந்து பார்க்கப் போகிறாராம். காலையில் முதல் வேலையாகப் பஞ்சும் மருந்தும் வாங்கி உள்ளே வைக்க வேண்டும்.