கோவளத்தில் அம்மாவுக்கு மட்டும் தனி ரூம்

என்னையும் பிள்ளையாகச் சேர்த்துக்கொண்ட ஸ்ரீரங்கத்து அம்மாவுக்கு,

பாலக்கரை ஆரோக்கியம் எழுதுகிறேன். உங்கள் வருஷ காரியம் நல்லபடியாக முடிந்தது. பம்பாயிலிருந்து உங்கள் மூத்த பிள்ளை சீனு அண்ணா குடும்பத்தோடு வந்திருந்தார். நான் வழக்கம்போல வாசல் பக்கம் நின்று பந்தல்காரரையும் வாழையிலைக்காரரையும் விரட்டிக்கொண்டிருந்தேன். ரசத்தில், உங்கள் பாஷையில் சாத்துமதில், உப்பு தூக்கலாம். நீங்கள் இருந்திருந்தால் சமையல்காரர் அன்றைக்கே ஊரைக் காலி செய்திருப்பார்.

கூடத்தில் கலர் டி.வி. வந்திருக்கிறது. பக்கத்து வீட்டு அலமேலு மாமி ஞாயிற்றுக்கிழமை ஆனால் வந்து உங்கள் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறார். உங்கள் இளைய பிள்ளை ரகுவுக்குப் பொறுக்கவில்லை. நான்தான் சும்மா இருடா என்று அடக்கி வைத்திருக்கிறேன்.

இதைவிடப் பெரிய சேதி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல, நாம் முதன்முதலில் கோவளம் போன கதையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்த கதைதான். எங்களுக்குத்தான் பாதி தெரியாமல் இருந்திருக்கிறது.

நானும் ரகுவும் பழகியது ஒன்றாம் நம்பர் பஸ்ஸில். அவன் மெயின்கார்டு கேட்டில் பாங்க் வேலைக்கு இறங்குவான், நான் ஜங்ஷன் பக்கத்து டூரிஸ்ட் ஆபீசுக்குப் போவேன். சிநேகிதர்கள் என்று ஊர் சொன்னது. அது பொய்யில்லை, ஆனால் அதற்கு மேலும் இருந்தது. கல்யாணம் ஆனவர்களுக்குள் என்ன இருக்குமோ அது இருந்தது. அதைச் சொல்ல எழுபதுகளின் திருச்சியில் எங்களுக்கு ஒரு வார்த்தை அகப்படவில்லை.

ஊர் ஊராக ரூம் பிடித்துக் கொடுப்பது என் தொழில். புருஷனும் பெண்டாட்டியும் போனால் தாலி இருக்கிறதா என்று லாட்ஜ் மேனேஜர் கழுத்தைப் பார்ப்பார். இரண்டு ஆண்கள் போனால் சாவியைக் கொடுத்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விடுவார். எங்கள் சிக்கல் லாட்ஜில் இல்லை, ஸ்ரீரங்கத்தில் இருந்தது. எங்கே கிளம்பினாலும் "நானும் வரேன்" என்று கூட நாலு பேர் பையைத் தூக்கிவிடுவார்கள். இரண்டு பேர் மட்டும் போவதற்கு அங்கே ஒரு காரணம் வேண்டும்.

கோவளத்துச் சாரதா சேச்சியின் லாட்ஜைப் பற்றி எனக்குச் சொன்னவர்கள் ஆபீசுக்கு வந்த வெள்ளைக்காரர்கள். கடலைப் பார்த்தபடி தென்னந்தோப்புக்குள் சின்ன லாட்ஜ். ஆணும் ஆணும் ஜோடியாகத் தங்கலாம், பெண்ணும் பெண்ணும் தங்கலாம். சேச்சி கேட்பதெல்லாம் காலையில் புட்டா, ஆப்பமா என்பதுதானாம். கேட்டதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தை பிறந்ததும் போய்விடுவது என்று முடிவு செய்தோம்.

அங்கேதான் உங்கள் பிள்ளை சொதப்பினான். வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்து, திருவனந்தபுரத்துக்குப் பத்மநாபனைச் சேவிக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டான். ஆழ்வார் பாடிய திவ்யதேசத்தின் பெயரை ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டுக்குள் நின்று சொல்லிவிட்டுத் தனியாகக் கிளம்ப முடியுமா அம்மா? நீங்கள் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தீர்கள்.

"திவ்யதேசமா? நானும் வரேன்டா. எத்தனை நாளா மனசுல இருக்கு."

அலமேலு மாமியும் எட்டிப் பார்த்தார். "அப்போ நானும் வரேனே?"

"தாராளமா வாயேன்டி. ஆனா நான் பிரயாணத்துல மடி. யாரும் மேல படப்படாது, வெளில பச்சைத் தண்ணி பல்லுல படப்படாது, போற இடத்துல கிணத்துத் தண்ணில ஈரப்புடவை. முடியுமா உன்னால?"

மாமி பின்வாங்கிவிட்டார். ரகு முகத்தில் ஈயாடவில்லை. கோவளம் போச்சு என்று நானும் நினைத்தேன்.

உங்கள் மடியின் லட்சணத்தை மதுரை பஸ் ஸ்டாண்டிலேயே பார்த்தேன். கடையிலிருந்து நான் வாங்கி வந்த காபியை, ஒரு கிறிஸ்தவன் கையிலிருந்து, ஜன்னல் வழியாக வாங்கிக் குடித்தீர்கள். "சக்கரை கம்மி" என்று குறை வேறு. புளியோதரைப் பொட்டலத்தை எனக்குப் பிரித்துக் கொடுத்தபோது உங்கள் விரல் என் கையில் பட்டது. நீங்கள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

திருவனந்தபுரத்தில் என்னைச் செருப்புக்குக் காவல் வைத்துவிட்டுச் சேவித்து வந்தீர்கள். "ஆரோக்கியம், உனக்கும் சேர்த்து வேண்டிண்டேன்" என்று சந்தனத்தைக் கொடுத்தீர்கள். என்ன வேண்டினீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பிறகு கோவளம். சேச்சி இரண்டு கட்டில் போட்ட ஒரு பெரிய ரூமைக் காட்டி, அம்மாவுக்குக் கீழே ஒரு பாய் விரிக்கட்டுமா என்றார். நீங்கள் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"எனக்குத் தனி ரூம் குடும்மா. நான் மடி. இவா ரெண்டு பேரும் இங்க இருக்கட்டும். இந்தப் பக்கமே நான் வரமாட்டேன்."

அப்போதாவது எங்களுக்குப் புரிந்திருக்க வேண்டாமா? மதுரையில் காணாமல் போன மடி கோவளத்தில் எப்படித் திரும்பி வந்தது என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. தப்பித்தோம் என்று கதவைச் சாத்திக்கொண்டோம்.

மறுநாள் கடற்கரையில் இரண்டு வெள்ளைக்காரர்கள் படுத்திருந்தார்கள். ஒருவன் மற்றவன் முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். நடுவில் குனிந்து கழுத்தில் ஒரு முத்தமும் கொடுத்தான். ரகு பதறிப்போய், "அம்மா, அதோ பாரு லைட் ஹவுஸ்" என்று கையை நீட்டினான். நீங்கள் லைட் ஹவுசைப் பார்க்கவே இல்லை.

"நன்னாத் தேய்ச்சு விடறான்" என்றீர்கள். "தன் முதுகு யாருக்குமே எட்டாதேடா, ரகு. அப்பா போனப்புறம் எனக்கும்தான் எட்டலை."

சொல்லிவிட்டு மடிசாரைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு அலைக்குள் போய் நின்றீர்கள். அலை அடித்ததும் சின்னப் பெண் மாதிரி கத்தினீர்கள். அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது அம்மா.

அதன்பின் ஒவ்வொரு தையிலும் போனோம். மாமி கேட்கும்போதெல்லாம் உங்கள் மடி வந்து நிற்கும். நீங்கள் கூட வந்ததால் அது யாத்திரை ஆயிற்று, தெருவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கட்டில் விஷயத்தை மட்டும் உங்களிடம் சொன்னதில்லை. காலையில் எழுந்ததும் எங்கள் முதல் வேலை, சேர்ந்திருக்கும் கட்டில்களைப் பிரித்து ஆளுக்கொரு சுவரோரம் தள்ளுவது. நீங்கள் தப்பித்தவறி வந்துவிட்டால்? ஆனால் கடலுக்குப் போய்விட்டுத் திரும்பினால் இரண்டும் மறுபடி சேர்ந்திருக்கும், மேலே ஒரே போர்வை விரித்திருக்கும். பெருக்க வரும் பெண்ணைச் சந்தேகப்பட்டோம். ரகு அவள் கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்தான். வருஷா வருஷம் இதே கூத்து.

இனி இந்த வருஷத்துக் கதை. காரியம் முடிந்த மறுநாள் சீனு அண்ணா பையிலிருந்து ஒரு பெண்ணின் போட்டோவை எடுத்தார். "அம்மாதான் உன்னை இப்படியே விட்டுட்டா. நான் விடப் போறதில்லை" என்றார். ரகு வாங்கிப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்லவில்லை.

சாயந்திரம் காவிரிக்கரையில், அம்மா மண்டபம் படித்துறையில் வைத்துக் கேட்டேன். என்னடா நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று சத்தமே போட்டுவிட்டேன்.

"அம்மாவை ஏமாத்திண்டே இருந்தேன் ஆரோக்கியம்" என்றான். "பெருமாள் பேரைச் சொல்லி அழைச்சுண்டு போய், அடுத்த ரூம்ல படுக்க வெச்சுட்டு... கடைசி வரைக்கும் அவகிட்ட உண்மையைச் சொல்லலை. இந்தக் கல்யாணத்தையாவது பண்ணிண்டா அவ மனசு ஆறும்."

"அதுக்காக ஒரு பொண்ணை நட்டாத்துல விடுவியா? அவளுக்கு யாருடா எண்ணெய் தேச்சு விடுறது?" என்றேன்.

அவனோ கோவளம் ரூமை வேண்டாம் என்று சொல்லிவிடு என்று மட்டும் சொன்னான்.  எத்தனையோ பேருக்கு ரூம் பிடித்துக் கொடுத்திருக்கிறேன் அம்மா, இவன் ஒருவனைப் பிடித்து வைத்துக்கொள்ள எனக்கு வழி தெரியவில்லை.

மறுநாள் ஆபீசிலிருந்து சேச்சிக்கு ட்ரங்க் கால் போட்டேன். போன தைக்கு நாங்கள் ஏன் வரவில்லை என்று சேச்சி கேட்டார். நீங்கள் போய்விட்டதைச் சொன்னதும் அழுதார். பிறகு, "அப்போ ஒரு ரூம் மதியல்லோ, போதும்தானே? கட்டில் பழையபடி சேர்த்துப் போட்டுடவா?" என்றார்.

"சேர்த்துப் போடச் சொன்னது யாரு?" என்று கேட்டேன்.

"அம்மாதான். முதல் வருஷமே. நீங்க ரெண்டு பேரும் கடலுக்குப் போனதும் என்னை இழுத்துட்டு வருவாங்க. ஒரு பக்கம் அவங்க பிடிப்பாங்க, ஒரு பக்கம் நான். போர்வை அம்மா கையாலதான் விரிப்பாங்க. யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. பசங்களுக்குத் தெரிஞ்சா வெட்கப்பட்டுக்கிட்டு அடுத்த வருஷம் வரமாட்டாங்கன்னு."

நான் உடனே பாங்குக்கு ஆள் அனுப்பி ரகுவை வரவழைத்து, மறுபடி கால் போட்டு ரிசீவரை அவன் காதில் வைத்தேன். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. கடைசியில், "மடின்னு சொல்லிட்டு எங்க போர்வையைத் தொட்டாளா?" என்று கேட்டான். அந்தப் பக்கம் சேச்சி என்ன சொன்னாரோ, அழுகைக்கு நடுவே இவன் விழுந்து விழுந்து சிரித்தான். ஆபீசே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்றே அண்ணாவிடம் போட்டோவைத் திருப்பிக் கொடுத்தான். "எனக்குத் துணை இருக்கு அண்ணா. அம்மாவுக்குத் தெரியும்" என்றான். அண்ணா என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். நேராகப் போய்ப் பெட்டி கட்டினார். நேற்று பம்பாயிலிருந்து போன் செய்து, ஆரோக்கியம் நன்றாக இருக்கிறானா என்று கேட்டாராம். இப்போதைக்கு இது போதும்.

அலமேலு மாமியும் விடவில்லை. "இந்தத் தைக்குப் பத்மநாபனைச் சேவிக்கப் போறேளா? யார் யாரு?" என்று கேட்டார்.

"கோவளம் போறோம் மாமி, கடல் பார்க்க. நாங்க ரெண்டு பேர் மட்டும்" என்றான் ரகு, தெருவுக்கே கேட்கிற மாதிரி.

பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். மதுரையில் இறங்கி உங்களுக்காக ஒரு காபி, சர்க்கரை தூக்கலாக. அவன் முதுகுக்கு எண்ணெய் தேய்ப்பது என் பொறுப்பு, அதைப் பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டாம். இன்னொரு சத்தியமும் செய்கிறேன் அம்மா. நீங்கள் சேர்த்துப் போட்ட கட்டில்களை இனி ஒரு காலையிலும் நாங்கள் பிரிக்க மாட்டோம்.

உங்கள் ரகுவுக்கு வாய்த்தவன்,
ஆரோக்கியம்