நாண் ஏற்றும் கை

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையில் வெள்ளச்சியைக் கறக்க உட்கார்ந்தேன், வலது கட்டைவிரல் மடங்கவில்லை. அவள் மடியிலேயே கையை வைத்துச் சூடு வாங்கினேன். கறக்காமல் என்ன செய்கிறாள் இவள் என்று மாடு திரும்பிப் பார்த்தது. பிறகு கறந்தேன். அளவு குறையவில்லை. மருமகள் வனிதாவுக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தெரிந்துவிட்டது. குழம்புச் சட்டியைக் கீழே விட்டேன். வனிதா தரையைத் துடைத்தாள், எனக்குச் சேலை மாற்றிவிட்டாள், என்னைப் பாலக்காட்டுக்குப் பஸ் ஏற்றிவிட்டாள்.

டாக்டரம்மா மலையாளத்தில் ஆமவாதம் என்றார். நம் பக்கத்தில் முடக்குவாதம். அந்தப் பேரே எனக்குப் பிடிக்கவில்லை. யார் முடங்கினார்கள்? தினம் ஒரு கேப்சூல், வாரத்தில் ஒருநாள் ஒரு மாத்திரை.

"அம்மைக்கு எந்தா ஜோலி?" என்று கேட்டார்.

"மாடு வெச்சிருக்கனுங்க. அப்பறம் அம்பு உடுவனுங்க."

பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை முழுசாகப் பார்த்தார். பார்க்கட்டும்.

கைப்பயிற்சி சொல்லித்தருகிற பெண், விரல் சும்மா இருக்கக் கூடாது, எதையாவது எழுதுங்கள் என்றாள். அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தவளிடம் சொல்கிறாள். ஆனால் என் எழுத்தைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? வாத்தியார் என் சிலேட்டைத் தூக்கி வகுப்புக்கே காட்டுவார். போன வாரம் எழுதியதையும் இன்றைக்கு எழுதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கோணல் இல்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

வில்லை இறக்கி எண்ணெய் போட்டேன். ஆவணியில் போடுவதுதான் வழக்கம். கல்மூங்கில் வில். என் வீட்டுக்காரர் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது, அவர் கை பட்ட இடம் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது.

விஜயதசமி அன்று சாயங்காலம் மாகாளியம்மன் குதிரையில் ஏறிக் கிழக்குக் காட்டுக்கு வருவாள். அங்கே வன்னி இலை கட்டிய வாழைதான் அசுரன். அதில் அம்பு விடுகிற முறை எங்கள் வீட்டுக்கு. நாணில்லாத வில்லைத்தான் பூசாரி கொடுப்பார். எல்லார் முன்னாலும் நாண் ஏற்ற வேண்டும். நாண் ஏற்றுகிற கைதான் அம்பு விடும். ஏற்ற முடியாவிட்டால் அடுத்த பங்காளி வீட்டுக்குப் போய்விடும், திரும்பி வராது.

அவர் இறந்த வருஷம் என் மகன் சந்துரு எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டான். கஞ்சிக்கோட்டில் லேத்து ஓட்டுகிற கை அவனுக்கு. நல்ல கைதான், வில்லுக்கு இல்லை. நான் எடுத்தேன். அதுவரை அவர் பழகும்போது அம்பு பொறுக்கப் போவது நான்தான். பொறுக்கியதைத் திருப்பி நானும் விட்டுப் பார்ப்பேன். அவர் சிரிப்பார், அப்புறம் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

"தாலியறுத்த பொம்பள கையில அம்பா?" என்று கூட்டத்தில் கேட்டார்கள்.

"மாகாளி புருசனக் கூட்டீட்டா வர்றா?" என்று கேட்டேன்.

அதோடு வில் என் கைக்கு வந்தது. அன்றிலிருந்து ஒரு வருஷம்கூட என் அம்பு தப்பியதில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

ஓணம். மழை. கை வலி. பாயசம் மட்டும் குடித்தேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

கட்டுத்தறிக்குப் பின்னால் வைக்கோல் கட்டில் பழகினேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து அம்பின் அடியைக் கிள்ளி இழுப்பது எங்கள் வழக்கம். கிள்ளவே முடியவில்லை. அம்பு காலடியிலேயே விழுந்தது. கோழி வந்து அதைக் கொத்திப் பார்த்தது.

கட்டைவிரலை விட்டுவிட்டேன். நடுவிரலையும் மோதிர விரலையும் கொக்கி மாதிரி வளைத்து நாணை மட்டும் இழுத்தேன். அந்த இரண்டு விரலில் வீக்கம் குறைவு. முதல் அம்பு சுவரில், இரண்டாவது வைக்கோலில். மூன்றாவதும் வைக்கோலில்!

வனிதா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஏனுங்கத்தை, இதுக்குத்தான் சப்பாத்தி உருட்ட முடியாதுன்னீங்களா?"

"சப்பாத்தி ஆரு கும்புடறாங்க?" என்றேன்.

வெந்நீர் கொண்டுவந்தாள், கையை அமுக்கி வைக்க. நொச்சி இலையும் போட்டிருந்தாள். கேட்காமல் செய்கிறவள் அவள். நானும் கேட்டதில்லை. யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

ஒன்று மட்டும் எழுதிவைக்கிறேன். இன்று நாண் ஏற்றியது வெறும் மூங்கில் குச்சியில் கட்டிய பழகு வில்லுக்கு. பெரிய வில்லுக்கு ஏற்றிப் பார்க்கவில்லை. பயமா? இல்லை. கை கொஞ்சம் இறங்கட்டும் என்று.

செப்டம்பர் 14, ஞாயிறு

கோயில் கூட்டம். கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். பூபதிராஜா எழுந்தான். என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன், அண்ணி முறைக்கு என்னை நங்கை என்று கூப்பிடுகிறவன், எங்களுக்கு அடுத்த பங்காளி. அவன் அப்பா காலத்திலிருந்தே அந்த வீட்டுக்கு இந்த வில்மேல் கண்.

"நங்கைக்கு ஒடம்புக்கு முடியிலீன்னு கேள்விப்பட்டனுங்க. சிரமமா இருந்தா சொல்லுங்க, நாங்க பாத்துக்கறம்."

"ஒடம்பு நல்லாத்தான் இருக்குது தம்பி. உங்கூட்டு அடுப்புல என்ன வேகுதுன்னு நான் கேட்டனா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை. முந்தானைக்குள் விரல் தீயாக எரிந்தது.

செப்டம்பர் 22, திங்கள்

காப்புக் கட்டியாயிற்று. விஜயதசமி வரை விரதம். ஒரு வேளைச் சாப்பாடு, கவுச்சி கிடையாது, செருப்புக் கிடையாது. கை பரவாயில்லை. மருந்து பிடித்துவிட்டது. காலையில் பெரிய வில்லை எடுத்தேன். கீழ்முனையைப் பாதத்தோடு ஊன்றி, முழங்காலால் அமுக்கி வளைத்து, நாண் நுனியிலுள்ள கண்ணியை மேல்முனையில் மாட்டினேன். மாட்டிவிட்டேன்! மூச்சு வாங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனாலும் மாட்டினேன். இரண்டு தடவை.

செப்டம்பர் 24, புதன்

பால் சங்கத்தில் டீ வாங்கிக் கேப்சூலைப் போட்டேன். பூபதி பக்கத்தில் நின்றான்.

"நங்கை, விரதத்துல இதத் திங்கறீங்களா? அந்தக் கூடு எதுல பண்றாங்கன்னு தெரியுமா? மாட்டெலும்பு."

அதற்குள் விழுங்கியிருந்தேன். வீட்டுக்கு வந்து வெள்ளச்சியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காப்புக் கட்டிய கையால் எதைத் தின்றிருக்கிறேன்?

குளித்தேன். தலைக்கு ஊற்றிக்கொண்டேன். அம்மனிடம் சொல்லிவிட்டேன், தெரியாமல் செய்தது என்று.

செப்டம்பர் 25, வியாழன்

கேப்சூல் நிறுத்தம். வாரத்து மாத்திரையும் வேண்டாம், யார் கண்டது.

செப்டம்பர் 27, சனி

முடீல. எழுத முடீல. பேனாவ முஷ்டில புடிச்சிருக்கறன், சின்னக் கொளந்த மாதிரி. கை பூசணிக்கா மாதிரி வீங்கிக் கெடக்குது. பால நான்தான் கறந்தன்னு வனிதாகிட்டப் பொய் சொன்னன், கன்ன அவுத்து உட்டுட்டன், அது பாட்டுக்குக் குடிச்சிருச்சு. தாயே, உனக்காகத்தானே நிறுத்தினன்? அதுக்கா இப்பிடி?

செப்டம்பர் 28, ஞாயிறு

பேத்தி மௌனிகா பூசை விடுமுறைக்கு வந்துவிட்டாள். மருந்துப் படிப்பு, மூன்றாம் வருஷம். எங்கள் குடும்பத்தில் முதல் காலேஜ் இவள்தான். வந்ததும் என் கையைப் பிடித்தாள். நான் கத்திவிட்டேன்.

எல்லாம் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை, தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அவிய சொன்னது நெசந்தான் அப்பத்தா. கூடு அப்பிடித்தான் பண்றாங்க. அதுக்குக் கூடு இல்லாத மாத்திரையா குடுங்கன்னு கேட்டிருக்கலாமல்ல? ஒரு வார்த்த போன்ல கேட்டிருந்தா?"

கேட்டிருக்கலாம். ஆனால் நான்தான் கேட்கிற ஆளில்லையே. பூபதி என்னை ஏமாற்றினான் என்று நினைத்திருந்தேன். அவன் சொன்னது பொய்யில்லை. கவிழ்த்தது என் வாய்தான், திறக்காத வாய்.

அவளே டாக்டரம்மாவிடம் பேசினாள். "அம்மே, பறயாதே ஒரு மருந்தும் நிர்த்தருது" என்று, சொல்லாமல் எதையும் நிறுத்தக் கூடாது என்று, போனிலேயே கண்டித்தார். அதே வலி மருந்து மாத்திரையாகவும் வருகிறதாம். பக்கத்துச் சித்தூரில் வாங்கிவந்தாள். வாரத்து மாத்திரையும் போட்டாயிற்று. ஆனால் அது ஒரே நாளில் கேட்கிற மருந்தில்லையாம்.

"வியாழக்கெழம, விசயதசமிக்குள்ள எறங்குமா சாமி?"

"வலி கொறையும் அப்பத்தா. வீக்கம் முழுசா வத்தாது." பொய் சொல்லத் தெரியாது அவளுக்கு. என் இரத்தம்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூசை. வில்லுக்குச் சந்தனம், லேத்துக்குப் பதிலாகச் சந்துரு கொண்டுவந்த ஸ்பேனருக்கும் சந்தனம். வலி பாதி குறைந்திருக்கிறது. பழகு வில்லில் நாணை இழுக்க முடிகிறது, அந்த இரண்டு விரல் காப்பாற்றிவிட்டது. பெரிய வில்லுக்கு நாண் ஏற்ற மட்டும் முடியவில்லை. வளைத்தால் மாட்ட முடியவில்லை. மாட்டப் போனால் வளைவு விட்டுப்போகிறது.

"முடியாதுன்னு இன்னைக்கே சொல்லீட்டா மானம் மிஞ்சும்மா," என்றான் சந்துரு.

"எந்திரிச்சுப் போடா," என்றேன். போய்விட்டான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எனக்கு அம்பு விடத் தெரியும், விட முடியும். ஏற்ற முடியாததற்காக எதற்கு விட்டுக்கொடுப்பது?

அக்டோபர் 3, வெள்ளி

நேற்று எழுத நேரமில்லை. ஒன்று விடாமல் எழுதுகிறேன், கை எவ்வளவு வலித்தாலும்.

கிழக்குக் காடு முழுக்க ஜனம். ஒரு பக்கம் உருமி, ஒரு பக்கம் செண்டை. அம்மன் குதிரையில் வந்து நின்றாள். பூசாரி வில்லைக் கொடுத்தார். கொட்டு நின்றது.

பாதத்தோடு ஊன்றினேன். அமுக்கினேன். வில் வளைந்தது. கண்ணி மேல்முனைக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது, ஏறவில்லை. விரல் அதைத் தள்ளவில்லை. வில் நிமிர்ந்துவிட்டது. மறுபடியும் அமுக்கினேன். மறுபடியும் நிமிர்ந்தது. பின்னால் யாரோ, "அவ்வளவுதான்" என்றது காதில் விழுந்தது.

பூபதி அடுத்த வரிசையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக நின்றான். நிற்கத்தானே வேண்டும், அடுத்த முறை அவனுடையதல்லவா.

முந்தானைக்குள் போகப் பார்த்த கையை வெளியே இழுத்தேன். எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தேன்.

"எனக்கு முடக்குவாதம். ரெண்டு மாசமா மறைச்சு வெச்சிருந்தன். அம்பு உடுவன், நாண் மாட்டுவன், வில்ல வளைச்சுப் புடிச்சுட்டே மாட்ட மட்டும் இந்தக் கைல இப்ப வலுவில்ல. பூபதி, இக்கட்ட வா. நீ வளைச்சுப் புடி. கண்ணிய நான் மாட்டறன்."

அப்படி யாரும் செய்ததில்லை. பூசாரி அம்மனைப் பார்த்தார். "அது முறையில்லீங்களே," என்று ஒரு பெரியவர் ஆரம்பித்தார்.

பூபதி அசையவில்லை. அவன் நின்ற இடத்திலேயே நின்றிருந்தால் போதும், வில் அவன் வீட்டுக்குப் போயிருக்கும். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கெஞ்சவில்லை. கேட்டேன், அவ்வளவுதான்.

"நாண் ஏத்தற கைதானுங்களே அம்பு உடோணும்?" என்றான் பெரியவரைப் பார்த்து. "நாண நங்கைதான் ஏத்தறாங்க. நான் வெறும் மூங்கலத்தான் வளைக்கறன். மூங்கல வளைக்கறதுக்கு முறை என்னுங்க?"

வந்து குனிந்து வில்லை வளைத்தான். வளைக்கும்போது என் காதில் மட்டும், "மாட்டுங்க நங்கை, இடுப்புப் புடிக்குது" என்றான்.

கண்ணியை உள்ளங்கையால் மேலே தள்ளினேன். 'டக்'கென்று உட்கார்ந்தது.

அப்புறம் என்ன? நின்றேன். இரண்டு விரல் கொக்கியால் இழுத்தேன். விரல் கூவியது, கூவட்டும். விட்டேன்.

எப்போதும் நெஞ்சு உயரத்தில் பாய்கிற அம்பு நேற்று இடுப்பு உயரத்தில் பாய்ந்தது. ஆனால் வாழையின் நடுவில். ஒரு பக்கமும் சாயவில்லை. கொட்டு வெடித்தது. ஜனம் வன்னி இலையைப் பறிக்க ஓடியது. மௌனிகா, "எங்க அப்பத்தா!" என்று அலறியது செண்டையையும் தாண்டிக் கேட்டது.

வருகிற வழியில் பூபதியின் வீட்டு வாசலில் நின்றேன்.

"அடுத்த வருசமும் நீதான் வளைக்கோணும்."

"அதுக்குள்ள என் இடுப்பு போயிருமுங்க நங்கை."

"போனா உன் மவன வரச் சொல்லு. மாட்டறது நான்தான்."

அக்டோபர் 13, திங்கள்

பால் சங்கத்தில் கேன் மூடி இறுகிவிட்டது. முன்பெல்லாம் வீட்டுக்கே திருப்பிக் கொண்டுபோய்ச் சுத்தியலால் தட்டித் திறந்துகொண்டு வந்திருப்பேன். இன்று வரிசையில் நின்றபடியே சத்தமாகக் கேட்டேன்: "ஆராச்சு இதத் தொறந்து குடுங்க."

மூன்று பேர் வந்தார்கள். பால் அளக்கிற பையனுக்குக் கொழுப்பு அதிகம். "ஏனுங் ஆத்தா, அம்பு உடத் தெரியுது, மூடி தொறக்கத் தெரீலீங்களா?" என்றான்.

"அம்புக்கு மாகாளி வந்தா. மூடிக்கு நீ வாடா," என்றேன்.