நோட்டில் எழுதிய அளவு

அன்புள்ள ஜெயினம்பு மதினிக்கு,

இரண்டு மாதமாக எழுத நினைத்து, கூசிப்போய் நிறுத்திய கடிதம் இது.

எங்கள் பட்டறைக்கு வந்த பழைய ஃபோர்டு காருக்குப் புது வீலும் பின் ஆக்சிலும் மாட்டுவதற்காக, தாவூது அண்ணன் பழைய ஆக்சிலை அளந்து சொன்னார். நான் நோட்டில் எழுதினேன். அன்று ஏகாதசி. மனசுக்குள் கோவிந்த நாமத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். அண்ணன் சொன்னது ஐம்பத்தாறு அங்குலம். நான் எழுதியது ஐம்பத்தெட்டு. அது என் நாமக் கணக்கு.

அந்த அளவுக்கே ஆக்சில் வந்தது. அழகர்கோவில் ரோட்டில் ஓட்டிப் பார்த்தபோது டயர் உரசி, இனி எங்கும் கிடைக்காத மட்கார்டு கிழிந்துவிட்டது. கார்க்காரர் முன்னாலேயே என் வீட்டுக்காரர் அண்ணனைப் பார்த்து, "அளவு கூடவா சொல்லத் தெரியல? அவ நோட்டு தப்பாது மாப்ள" என்றார்.

அண்ணன் சண்டை போட்டிருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேனோ என்னவோ. "தங்கச்சி எழுதுனா சரியாத்தேன் இருக்கும். நாந்தேன் மாத்திச் சொல்லிருப்பேன்" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பட்டறையை விட்டே போய்விட்டார்.

அன்று சாயங்காலமே பழைய ஆக்சிலை டேப் வைத்து அளந்து பார்த்தேன், மதினி. ஐம்பத்தாறேதான். தெரிந்துதான் பேசாமல் இருந்தேன்.

இப்போது வேலை பார்க்கும் காளவாசல் பட்டறையில் அண்ணன் எதையும் தானே அளப்பதில்லையாம், அடுத்தவரை அளக்கச் சொல்கிறாராம். அதைக் கேட்டபின் பூஜையில் உட்கார முடியவில்லை. இன்று காலை இவரிடம் சொல்லிவிட்டேன். உடனே உங்கள் வீட்டுக்குக் கிளம்பியவரை நான்தான் நிறுத்தினேன். முதலில் வந்து நிற்க வேண்டியவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். நீங்கள் கதவைத் திறக்காவிட்டாலும் சரி. அதற்கு முன்னால் அண்ணனிடம் மட்டும் சொல்லிவிடுங்கள், அவர் சரியாகத்தான் சொன்னார் என்று.

இப்படிக்கு,
தங்கச்சி என்று அவர் நம்பியவள்