ஊசியில் நூல் நுழையும் வரை பகல்

என் எஸ்தரக்காவுக்கு,

டிசம்பர் இரண்டாம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நம் சபைக் கமிட்டி கூடியது. இரண்டு மணி நேர விவாதத்துக்குப் பின், இடையில் ஒருமுறை ஜெபித்தும் ஒருமுறை சமோசா தின்றும், குளிர்காலம் டிசம்பர் இருபத்தொன்றாம் தேதி தொடங்கி மார்ச் இருபதாம் தேதி முடியும் என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. தீர்மானம் வாசிக்கப்பட்டபோது எல்லோரும் எழுந்து நின்றோம். சித்தூரில் அப்போது வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. அதைக் கூட்டத்துக்கு அழைத்திருக்கவில்லை.

இப்படி ஒரு தீர்மானத்துக்கு என்ன அவசியம் என்று நீ கேட்பாய். கல்லறைத் தோட்டத்துக் கேட்டில் ஒரு தகரப் பலகை தொங்குமே, நினைவிருக்கிறதா? மிஷன் காலத்தில் எந்தத் துரையோ எழுதி மாட்டியது. 'கோடை ஆறரை, குளிர்காலம் ஐந்தரை' என்று பூட்டும் நேரம் மட்டும் இருக்கும். எப்போது கோடை, எப்போது குளிர்காலம் என்று அதில் இல்லை. மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும் நாட்டிலிருந்து வந்தவர் அவர். எழுதி மாட்டிவிட்டுக் கப்பல் ஏறிப் போய்விட்டார். நூறு வருடமாக அந்தப் பலகையை யாரும் மதித்ததில்லை. வாட்ச்மேன் முனிரத்தினம் கொசு கடிக்க ஆரம்பித்ததும் பூட்டுவார். அதுதான் நம் ஊரின் நேரக் கணக்கு.

போன வருடக் கடைசியில் யாரோ நாலு பேர் இருட்டில் உள்ளே உட்கார்ந்து சீட்டாடியிருக்கிறார்கள். உடனே கமிட்டிக்குப் பலகை நினைவுக்கு வந்துவிட்டது.

தேதியைக் கொண்டுவந்தவர் செக்ரெட்டரி தேவசகாயம் அண்ணன். அவருடைய மகன் கனடாவில் இருக்கிறான்.

"நான் சும்மா சொல்லலப்பா. பையன் போன் பண்ணிக்கினு இருந்தான். அங்க விண்டரு டிசம்பர் இருபத்தொன்னுல தான் ஸ்டார்ட்டு. சயன்ஸு" என்றார்.

"அங்க பனி கொட்டுதுண்ணா. இங்க?" என்றேன்.

"சயன்ஸுன்னா எல்லா ஊருக்கும் ஒண்ணு தானே? கனடாவுக்கு ஒண்ணு, கங்காதர நெல்லூருக்கு ஒண்ணா?"

மறுநாளே அவர் குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு பால் வாங்க வந்தார். கொள்கைப் பிடிப்பு உள்ள மனிதர்.

நான் கமிட்டிக்கு ஒரு மனு எழுதினேன். வருடத்தின் மிகக் குறுகிய பகலைக் குளிர்காலத்தின் தொடக்கம் என்பது, திருமலைக்கு நடந்து போனவன் கடைசிப் படியில் நின்று 'வாங்க, ஏற ஆரம்பிக்கலாம்' என்று கூப்பிடுவது போல என்று அதில் சொல்லியிருந்தேன். வானிலைக்காரர்கள் கணக்கில் குளிர்காலம் ஜனவரியும் பிப்ரவரியும்தான், டிசம்பர் இன்னும் மழைக்காலத்தின் வால் என்றும் சொன்னேன். தமிழ்க் கணக்கில் கூதிர் என்னும் குளிர்காலம் கார்த்திகையோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு முன்பனி, பின்பனி என்று இரண்டு உண்டு, அதில் பின்பனி பங்குனி வெயிலில் போய் முடியும். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர்கள் சூரியன் வடக்கே திரும்பும் நாளைச் சங்கராந்தியில் கொண்டாடுகிறார்கள். சூரியனோ அதற்கு மூன்று வாரம் முன்பே, யாரிடமும் சொல்லாமல் திரும்பிவிடுகிறது. ஒரே ஜில்லாவில் இத்தனை குளிர்காலம் இருக்கும்போது நமக்குக் கனடாவிலிருந்து ஒன்று எதற்கு என்று முடித்திருந்தேன். மனு இப்போது அலமாரியில், ஞாயிறு பள்ளி நாடகத்து மேய்ப்பர்களின் தாடிகளோடு இருக்கிறது. அதனால்தான் இதை ஊரறிய உனக்கு எழுதுகிறேன்.

அந்த மனுவில் நான் எழுதாமல் விட்ட ஒன்று உண்டு. அது உன் காலண்டர்.

ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் தினமும் சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு, ஊசியும் நூலுமாக உட்காருவாய். விளக்குப் போடாமல் நூலைக் கோப்பாய், உருவுவாய், மறுபடி கோப்பாய். ஊசிக்காது கண்ணுக்குத் தெரியாமல் போகும் நிமிடத்தை அன்றைய தேதித் தாளில் குறிப்பாய். 'பேப்பர்ல போடற அஸ்தமனம் பேப்பர்காரனுக்கு. எனக்கு ஊசி மறையற வரைக்கும் பகல்' என்பாய். கரண்டு மிச்சம் பிடிக்கிறாய் என்று நினைத்திருந்தேன். ஒரு டிசம்பரில், "பகல் எப்படிக் குறைஞ்சு போச்சு பாருக்கா" என்று நான் சொன்னதும் நீ பிடித்துக்கொண்டாய்.

"இன்னாடா குறையுது குறையுதுன்னு அழுவுற? சாயங்காலம் நவம்பர் கடைசியிலயே நீள ஆரம்பிச்சுடுச்சு. காலையில தான் இன்னும் லேட்டாக்கினே போவுது, பொங்கல் தாண்டி வரைக்கும் போவும். நீ என்னிக்கு விடியறதுக்கு முன்ன எந்திரிச்சுக்கீற, உனக்குத் தெரியறதுக்கு?"

நூலகத்தில் போய்ப் புத்தகம் புரட்டினேன். நீ சொன்னதுதான் சரி. டிசம்பரில் நண்பகலே தினமும் அரை நிமிடம் போலத் தள்ளிப்போகிறது. அதோடு சேர்ந்து விடியலும் அஸ்தமனமும் பின்னால் நகர்கின்றன. அதனால் மிகக் குறுகிய நாள் வருவதற்கு முன்பே மாலைகள் நீளத் தொடங்கிவிடுகின்றன. நான் நாலு புத்தகத்தில் தேடியதை நீ ஒரு ஊசியில் பார்த்திருந்தாய். அதை உன்னிடம் நான் சொல்லவே இல்லை. ஏன் சொல்லவில்லை, அக்கா?

கிறிஸ்துமஸ் மரத்துக்குப் பனி வைக்க ஆஸ்பத்திரிப் பஞ்சு கேட்டுச் சபை வாலிபர்கள் உன்னிடம் வரும்போதெல்லாம், 'பெத்லகேமுல என்னிக்குடா சவுக்குக் கிளையில பனி பெஞ்சுது?' என்று கேட்டுவிட்டு இரண்டு சுருளாகக் கொடுப்பாய். இந்த முறை அவர்களே கடையில் வாங்கினார்கள். மரம் முழுக்கப் பஞ்சு. யாரும் எதுவும் கேட்கவில்லை.

போன ஜனவரியில் உன்னைச் சேர்த்திருந்த வார்டில் ஜன்னல் கிழக்கே பார்த்தது. ஆகவே வேலை எனக்கு வந்தது. தினமும் ஆஸ்பத்திரி வாசலில், பைக்குகளுக்கு நடுவில் நின்று ஊசியில் நூல் கோத்தேன். "கண்ணு டெஸ்டா சார்?" என்று டீக்கடைக்காரர் கேட்டார். ஒருநாள் டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்ததில் நேரம் போய்விட்டது. வாய்க்கு வந்ததை, ஆறு பத்து என்று சொன்னேன். ஆக்சிஜன் குழாயோடு நீ சிரித்தாய்.

"நேத்து ஆறு இருபத்தஞ்சு. இன்னிக்கி ஆறு பத்தா? சூரியன் ரிவர்ஸுல போவுதாடா?"

பிறகு, "நான் போனாலும் ஒரு வருசம் எழுதிக்கினு இரு. ஒரு சுத்து முழுசா வரட்டும். அப்புறம் வேணும்னா நிறுத்திக்கோ" என்றாய். எழுதுகிறேன் என்றேன். மூன்றாம் நாள் நீ இல்லை.

இருந்த வாடகை வீட்டைக் காலி செய்தேன். புதிய இடத்தில் மேற்குத் திசையை ஒரு மூன்று மாடிக் கல்யாண மண்டபம் எடுத்துக்கொண்டது. மலை வரைக்கும் வானம் திறந்திருக்கும் ஒரே இடம் உன் கல்லறை இருக்கும் மூலைதான். ஆகவே அங்கே உட்கார்ந்து குறித்தேன். வெயிலிலும் மழையிலும் குறித்தேன். காய்ச்சல் வந்த நாளில் ஆட்டோவில் போய்க் குறித்தேன். பத்து மாதத்துக்கு மேல் ஒரு நாளும் விடவில்லை. மிச்சம் ஒரு மாதம்தான். அந்த ஒரு மாதத்தைத்தான் கமிட்டி ஐந்தரைக்குப் பூட்டியது.

குளிர்காலம் அமலுக்கு வந்த மறுநாள், திங்கட்கிழமை, திருப்பதியில் கல்லூரி நூலக வேலை முடிந்து வழக்கமான பஸ்ஸில் வந்தேன். புத்தலப்பட்டு தாண்டும்போதே ஐந்து மணி. கேட்டுக்கு வந்தபோது ஐந்து முப்பத்தைந்து. பூட்டு தொங்கியது.

"டைம் அயிபோயிந்தி, முடிஞ்சுபோச்சு சார்" என்றார் முனிரத்தினம், பனியனோடு நின்று துண்டால் விசிறிக்கொண்டு. "நான் இன்னா பண்றது? விண்டரு வந்துடுச்சாம்."

"எங்கே வந்திருக்கு?"

"அத தான் சார் நானும் தேடிக்கினுக்கீறேன்."

கம்பிக்கு வெளியே நின்றே நூல் கோத்தேன். வேப்பமரத்து நிழல் விழும் இடம் அது. உன் கணக்கில் நான்கு நிமிடம் குறைந்துவிட்டது. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் 'வெளியிலிருந்து' என்று எழுதியிருக்கிறேன். உன் காலண்டரில் பொய் இருக்காது.

மறுநாள் என் கல்லூரி நூலகக் கதவில் நானும் ஒரு அறிவிப்பு ஒட்டினேன்: 'குளிர்காலத்தை முன்னிட்டு நூலகம் அரை மணி முன்னதாக மூடப்படும்.' பிரின்சிபால் படித்துப் பார்த்து, எந்தக் குளிர்காலம் என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டார். முந்தைய பஸ் கிடைத்தது. ஐந்து பத்துக்கு உள்ளே போனேன். ஐந்தரைக்கு முனிரத்தினம் மணி அடித்தார். நான் எழவில்லை.

"சார், லெய்யண்டி சார். பூட்டணும்."

"பூட்டிக்கோங்க. பலகையில் பூட்டும் நேரம்தான் இருக்கு. ஆள் வெளியே போகணும்னு இல்லையே."

அவர் பலகையை ஒருமுறை படித்துப் பார்த்தார். பூட்டினார். ஆறு பத்துக்கு நான் ஊசியைப் பையில் போட்டதும் திறந்துவிட்டார். ஒரு வாரம் இப்படிப் போனது. பிறகு செக்ரெட்டரிக்குத் தெரிந்து, புத்தாண்டு ஆராதனை முடிந்த மாலை குல்லாவோடு வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். நான் உள்ளே.

"இன்னாப்பா இது? செத்தவங்களே கம்முனுகீறாங்க, நீ ரகளை பண்ற."

"எங்க அக்கா என்னைக்குண்ணா கம்முனு இருந்தாங்க?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். நீ அவருக்கு ஊசி போட்ட கதைகள் அவருக்கும் நினைவிருக்கும். "ஞாயித்துக்கிழமை மதியானம் வந்து பாத்துக்கோயேன். யாரு வேணான்றாங்க?"

"மதியானம் ஊசியில் நூல் எல்லாருக்கும்தான் நுழையும்ணா."

"ரூலுனா ரூலுப்பா. முனிரத்தினம், நாளைலருந்து பூட்டினா பூட்டினது தான். காலையில தான் தெறக்கணும்."

மறுநாளும் உள்ளே போனேன். முனிரத்தினம் பூட்டிவிட்டு, சாவியைச் செக்ரெட்டரி வீட்டில் கொடுத்துவிட்டு வந்து, கேட்டுக்கு வெளியே குந்திக்கொண்டார். "எவ்ளோ சார்?" என்றார். ஆறு பதினாறு என்றேன். "நேத்தைவிட அரை நிமிசம் ஜாஸ்தி" என்றார். அவருக்கும் பழகிவிட்டது. பிறகு நான் சுவர் ஏறினேன். ஐம்பத்தெட்டு வயதில், இடக்கால் முட்டி எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியும். பேண்ட் கிழிந்தது. மறுநாளும் ஏறினேன். அதற்கு மறுநாளும். தவறு என்று யாராவது நிரூபித்தால் நிறுத்திக்கொள்கிறேன் என்று செக்ரெட்டரிக்குச் சொல்லி அனுப்பினேன். இதுவரை பதில் இல்லை.

இன்றோடு நீ போய் ஒரு வருடம். விடியற்காலையில் எழுந்தேன், அக்கா, நம்பு. ஆறு மணிக்கு இருட்டு, ஆறரைக்கும் சூரியனைக் காணோம். நீ சொன்னபடியே வருடத்தின் மிகத் தாமதமான விடியல்கள் இந்த வாரத்தில்தான். சாயங்காலம் ஊசிக்காது ஆறு இருபத்தெட்டு வரை தெரிந்தது. சுற்று முழுசாகிவிட்டது. நீ சொன்னபடி இனி நிறுத்திக்கொள்ளலாம்.

நிறுத்தப்போவதில்லை. மார்ச் இருபது வரை அவர்கள் குளிர்காலம் இருக்கிறது. அது வரைக்கும் தினமும் உள்ளே வருவேன், அதற்கு அப்புறமும் வருவேன். கண்ணாடி போட்டும் ஊசிக்காது தெரியாத நாள் வந்தால், அன்றைக்கு இருட்டிவிட்டது என்று நானே ஒத்துக்கொள்கிறேன். அதுவரை யாருடைய தீர்மானத்தையும் ஒத்துக்கொள்வதாக இல்லை. இது உனக்கு நான் தரும் வாக்கு.

இப்படிக்கு, உன் காலண்டரைக் கைப்பற்றிய உன் தம்பி,
ஜெயசீலன்

பின்குறிப்பு: போன சனிக்கிழமை கமிட்டி மறுபடி கூடியது. பூட்டும் நேரத்தில் மாற்றம் இல்லை. கல்லறைத் தோட்டத்து உள்சுவரில், உன் மூலைக்குப் பக்கத்தில், ஒரு மூங்கில் ஏணி சாத்தி வைத்திருக்கிறார்கள்.