முதுகுக்குப் பின்னால் ஒரு நாற்காலி

அப்பா,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடுங்கள். சாவி மாடி வீட்டு அத்தையிடம்.

"தினம் ஆறு மணி நேரம் உக்காந்தும் நாலு பாடத்துல ஃபெயிலா?" என்று நேற்று கத்தினீர்கள். உட்கார்ந்தது உண்மைதான். என் முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டு நீங்களும் காவல் இருந்தீர்களே! பக்கம் புரளும் சத்தம் நின்றால் போதும், "என்ன, தூங்கறியா?" என்பீர்கள். அதனால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு பக்கம் புரட்டப் பழகிக்கொண்டேன். புரிந்ததோ இல்லையோ, சத்தம் நிற்கவில்லை.

நூலகத்துக்குப் போகிறேன். பின்னாலேயே வந்துவிடாதீர்கள்.

நாற்காலியில் உட்கார்ந்தே உங்களுக்கு வந்த முதுகுவலிக்குத் தைலம் அலமாரியில் வைத்திருக்கிறேன்.

மறந்துவிட்டேன்: வேதியியலில் மட்டும் எண்பத்தொன்பது எப்படி என்று கேட்டீர்கள். அதைப் படித்த வாரம் நீங்கள் வெளியூர் வேலையில் இருந்தீர்கள்.