வெளுத்த தோடு

லமியாங்கின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் படகேறிய மறுநாள் காலையில் மகள் லமியாங்கின் தங்கத் தோடு இரண்டும் ஈயம் போல வெளுத்திருந்தன. என் மோதிரமும் அப்படித்தான். யாரோ இரவில் வந்து மாற்றி வைத்துவிட்டுப் போனது போல் இருந்தது.

நகைக்கடை சுப்ரியிடம் கொண்டுபோனேன். பார்த்ததுமே சிரித்தார். "ஒம் புருஷனுக்கு ஆத்து மண்ணை அள்ளித் தங்கம் எடுக்குற மிதவையிலதானே வேலை? தங்கத்தைப் பிரிக்கப் போடுற பாதரசம் அவன் கையில ஊறியிருக்கு. தொட்ட தங்கமெல்லாம் வெளுக்கும்."

"பொண்ணு கன்னத்தையும் தொட்டாரே?"

"தங்கத்துலதாம்மா தெரியும். தோல்ல தெரியாது." அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அவள் தூங்கும்போது முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று ஆற்று மீனைச் சுட்டு வைத்தேன். "மீனும் உள்ள வெளுத்திருக்குமாம்மா?" என்று கேட்டாள். தட்டை எடுத்துவிட்டேன். மிதவையில் மிஞ்சும் பாதரசமெல்லாம் கஹாயான் ஆற்றில்தானே போகிறது? நாங்கள் குளிப்பதும் குடிப்பதும் அதில்தான்.

பண்டிகைக்கு வருவீர்கள். ஓடிவந்து உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். கையை நன்றாகக் கழுவிவிட்டு அவளைத் தொடுங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

எந்தத் தண்ணீரில் என்று எழுதத் தெரியவில்லை.

உங்கள் வழி பார்த்திருக்கும்
மனைவி